இமைக்காத தாத்தாவுக்கு இமை: ஒரு பேசும் பொம்மையின் நிகழ்வு ஆய்வு

பெங்களூர் அல்சூரில் ஒரு பல் லேபில் வேலை பார்க்கிறேன். பல் செட், கிளிப், தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கு மாட்டும் கவசம், இருபத்திரண்டு வருடமாக இதுதான் தொழில். போன பிப்ரவரியில் ஒரு நாள் சாயந்திரம் என் தமிழ் டீச்சர் மஞ்சப்பையோடு லேபுக்கு வந்தார். பைக்குள் வேட்டித் துண்டில் சுற்றிய ஒரு தலை. "இதுக்கு இமை வச்சுத் தர்றியா தம்பி?" என்றார். நான் பல்தானே செய்கிறேன் டீச்சர் என்றேன். "வாய்க்குள்ள அரை மில்லிமீட்டர் உறுத்துனாக்கூட ஆளு மறுநாளே திரும்பி வந்துடுவாங்கன்னு நீதானே சொன்னே. அந்தக் கை போதும்" என்றார்.

வேலை முடிய ஏழு மாதம் ஆனது. என்ன செய்தேன், எங்கே தவறினேன், எது நின்றது என்பதை டீச்சரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பேசும் பொம்மை செய்கிறவர்கள் தமிழில் இதைப் பற்றி எழுதி நான் படித்ததில்லை. எழுதியிருந்தால் எனக்கு மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

பொம்மையும் அதன் குறையும்

டீச்சருக்கு இப்போது அறுபத்துமூன்று வயது. வீடு ஸ்ரீராமபுரத்தில். ஓய்வுபெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வொயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் சாலைப் பக்கம் இருக்கும் அடுக்ககங்களில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார். அந்தப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது. ஒரு மணி நேர வகுப்பில் கடைசி இருபது நிமிடம் வேலு தாத்தாவுக்கு. தாத்தா மடியில் உட்கார்ந்து கதை கேட்பார், குறுக்குக் கேள்வி போடுவார், தப்பாக உச்சரிப்பார், பிள்ளைகள் திருத்துவார்கள். டீச்சரின் உதடு அசையாது. பொம்மை பேசுவது போலக் குரல் கொடுக்கும் இந்த வென்ட்ரிலோகிசத்தை அவர் எங்கும் போய்ப் படித்ததில்லை. 'ப', 'ம' இரண்டும் உதட்டை மூடாமல் வராது என்பதால் தாத்தாவுக்குப் பொக்கை வாய் என்று வைத்து அந்த எழுத்துகளைக் குழப்பியே சமாளித்தார். பிள்ளைகள் திருத்துவதும் பெரும்பாலும் அந்த இரண்டு எழுத்தைத்தான்.

பொம்மையைச் செய்தது டீச்சரின் வீட்டுக்காரர். பொதுத்துறை ஆலை ஒன்றில் டூல் ரூம் ஃபிட்டராக இருந்தவர். தலை காகிதக்கூழ், உடம்பு துணி. கழுத்துக்குள் ஒரு தேக்குக் கம்பு போகும், கம்பில் வாய்க்கு ஒரு விசை, கண்ணை இடவலமாகத் திருப்ப ஒரு விசை. கண்கள் சென்னபட்டணாவில் கடைந்தவை. அவர் செய்து வைத்த வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இமை மட்டும் அவர் வைக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் அவர் காலமாகிவிட்டார்.

குறை என்னவென்றால், தாத்தா திருதிருவென முழித்துக்கொண்டே இருந்தார். பெரிய பிள்ளைகள் பொருட்படுத்தவில்லை. முன்வரிசையில் அம்மா மடியில் உட்காரும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஒன்றிரண்டு அழுதன. டீச்சர் அன்று போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "வெளிய தெரியுற முகத்துல ஒரு கீறல் விழக்கூடாது. உள்ள என்ன வேணா பண்ணிக்கோ."

உள்ளே பார்த்தது

விக்கை எடுத்தால் பின்மண்டையில் இரண்டு திருகாணிகளோடு உள்ளங்கை அளவு ஒரு மூடி இருந்தது. அதைத் திறந்து, நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு, வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடியைத் தலைக்குள் விட்டேன். இரண்டு கண்ணும் செங்குத்து ஊசிகளில் நின்றன. பின்னால் ஒரு பித்தளைப் பட்டை இரண்டையும் இணைத்தது. டீச்சரின் வீட்டுக்காரர் எல்லாக் கம்பி முனையையும் மடக்கி அரம் போட்டிருந்தார். யாரும் பார்க்கப்போகாத இடத்தில் அவ்வளவு சுத்தமான வேலை.

வெர்னியரில் அளந்தேன். வலது கண் 38.1 மில்லிமீட்டர், இடது கண் 37.6. கையால் கடைந்தால் அப்படித்தான் இருக்கும். பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் சுமார் அறுபது கிலோமீட்டரில் இருக்கிறது சென்னபட்டணா. அங்கே கடைய எடுக்கும் மரத்தை ஆலெ மரம் என்பார்கள், நம் வெட்பாலை. சுற்றும் கட்டையின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள், உரசும் சூட்டிலேயே அரக்கு உருகிக் கட்டையில் பிடிக்கும். அப்புறம் தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். இருபது வருடம் கழித்தும் அந்தக் கண்களில் விளக்கொளி தெளிவாகத் தெரிந்தது. கண்ணை மாற்றுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். ஆனால் அரக்குப் பூச்சு கீறலைத் தாங்காது, சூட்டையும் தாங்காது. இந்த இரண்டும்தான் பின்னால் என் வேலையைத் தீர்மானித்தன.

கருவிழி 18 மில்லிமீட்டர். முகத்தில் வெட்டிய கண் துளை, கண்ணின் மையத்திலிருந்து மேலே 11, கீழே 9. கருவிழியின் மேல் விளிம்பு மையத்திலிருந்து 9 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதாவது அதற்கு மேலேயும் 2 மில்லிமீட்டர் வெள்ளை தெரிகிறது. குழந்தைகள் ஏன் பயந்தார்கள் என்பது இங்கேயே பிடிபட்டுவிட்டது. மனிதக் கண்ணில் கருவிழி ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். சும்மா இருக்கும்போது மேல் இமை அதன் உச்சியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டரை மறைத்தபடிதான் நிற்கும். கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தால் அது பயந்த முகம், இல்லை கோபமான முகம். தாத்தா இருபது வருடமாக அப்படியே உட்கார்ந்திருந்தார். இமை கொட்டாதது ஒரு பக்கம் இருக்கட்டும், இமை இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததே முதல் குறை.

அதனால் இமை ஓய்வாக எங்கே நிற்க வேண்டும் என்பதை முதலில் குறித்தேன். மையத்திலிருந்து மேல்நோக்கி 20 பாகை. அங்கே நின்றால் கருவிழியின் உச்சியில் 2 மில்லிமீட்டர் போல மறையும். மூடும்போது கிடைமட்டத்தோடு நின்றால் போதாது. மையத்துக்குக் கீழே 25 பாகை போனால்தான் துளையின் கீழ் விளிம்பைத் தொடும். அப்போது விளிம்பு கீழ்நோக்கி வளைந்து, தூங்கும் குழந்தையின் கண் போலப் பிறையாகத் தெரியும். கிடைமட்டத்தில் நின்றால் வெறும் கோடு, உண்டியல் வாய் மாதிரி. ஆக மொத்தச் சுழற்சி 45 பாகை.

இமையைச் செய்தது

இமை என்பது கண்ணைவிடச் சற்றுப் பெரிய கோளத்தின் கால் பாகம். இரண்டு ஓரத்திலும், மாட்டிச் சுழல ஒரு காது. காதுகளின் வழியாகப் போகும் கோடு கண்ணின் மையத்தைக் கடக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் இமை ஓரிடத்தில் உரசும், இன்னோரிடத்தில் வாய் பிளக்கும்.

முதலில் டேபிள் டென்னிஸ் பந்தை எடுத்தேன். 2000-க்கு முன் அந்தப் பந்து 38 மில்லிமீட்டராக இருந்தது, அதற்குப் பிறகு 40. என் 38 மில்லிமீட்டர் கண்ணுக்கு 40 மில்லிமீட்டர் பந்து அளவெடுத்தது போல இருந்தது. வெட்டிப் பொருத்தியும் பார்த்தேன். பந்தின் சுவர் தடிமனைக் கழித்தால் கண்ணுக்கும் இமைக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் மிஞ்சும். நல்லவேளை, தாத்தாவின் கண்ணில் வைக்காமல் அதே அளவு மரப் பந்து ஒன்றை அரக்குப் போட்டு வாங்கி அதில் சோதித்தேன். நூறு தடவை மூடித் திறந்ததும் அரக்கில் மெல்லிய வளையம் விழுந்திருந்தது. பந்தைத் தூக்கி வைத்தேன்.

அப்புறம் லேபில் இருக்கும் குளிர் அக்ரிலிக், சூடு காட்டாமலே இறுகும் பிளாஸ்டிக். பல் செட் ரிப்பேருக்கு இது இல்லாமல் நாள் ஓடாது. ஆனால் அது இறுகும்போது சுருங்கும். பொடியும் திரவமும் சரியாகக் கலந்தாலுமே கன அளவில் 7 சதவீதம் போலக் குறையும். அண்ணத்தில் தடித்த தட்டாக இருந்தால் சமாளிக்கலாம். ஒரு மில்லிமீட்டர் ஓட்டில் அது முறுக்கிக்கொண்டது. காதும் இரண்டு முறை ஒடிந்தது.

கடைசியில் கைகொடுத்தது எங்கள் வேக்கூம் மிஷின். கவசம் செய்ய, சூடாக்கிய பிளாஸ்டிக் ஷீட்டை மாவுக்கட்டு அச்சின் மேல் உறிஞ்சிப் படிய வைப்போமே, அதே மிஷின். கண்ணுக்கு நேராகச் சூடான ஷீட்டைப் போட முடியாது, அரக்கு போய்விடும். அதனால் பல் அச்சு எடுக்கும் ஆல்ஜினேட் பசையில் கண்ணுக்கு அச்சு எடுத்து, தாமதிக்காமல் டென்டல் ஸ்டோன் என்னும் கெட்டியான மாவுக்கட்டில் வார்த்தேன். ஆல்ஜினேட் தண்ணீர் விட்டுச் சுருங்கும், ஆறப்போட்டால் அளவு போய்விடும். வார்த்த ஸ்டோன் கண்ணின் மேல் 1 மில்லிமீட்டர் மெழுகு ஷீட்டை ஒட்டினேன். அளவு எடுக்கும் தட்டு செய்யும்போது ஈறுக்கும் தட்டுக்கும் நடுவே இடம் விட வைக்கும் அதே மெழுகு. அந்த மெழுகின் மேலேயே ஷீட்டை இறக்கினேன். இருபத்திரண்டு வருட அனுபவம் உள்ளவன் செய்யக்கூடாத காரியம். மெழுகு உருகி ஓடிவிட்டது. மறுபடி மெழுகு வைத்து, மெழுகோடு சேர்த்து இன்னொரு அச்சு எடுத்து, அதை ஸ்டோனில் வார்த்து, அதன் மேல்தான் ஷீட் இறங்க வேண்டும். இரண்டு கண்ணுக்கும் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்ததால் இடதுக்குத் தனி அச்சு, வலதுக்குத் தனி அச்சு.

1 மில்லிமீட்டர் ஷீட் அரைக்கோளத்தின் மேல் இழுபட்டு 0.7-க்கு வந்தது. காது வரும் இடத்தில் மட்டும் இன்னொரு துண்டு ஒட்டித் தடிமன் கூட்டினேன். மைக்ரோமோட்டார் என்னும் சின்னச் சுழல் மிஷினில் விளிம்பை அறுத்து, உப்புத்தாள் போட்டு, கடைசியில் ரப்பர் பர் வைத்து மழமழப்பாக்கினேன். உள்பக்கத்தில் நாக்கை வைத்துப் பார்த்தால் கூட உறுத்தாது. பழக்க தோஷம், உண்மையிலேயே நாக்கை வைத்துப் பார்த்தேன்.

நிறம் இன்னொரு வாரத்தைத் தின்றது. பிளாஸ்டிக்கின் மேல் பெயிண்ட் இரண்டு நாளில் செதிலாக உதிர்ந்தது. பழைய பொம்மைக்காரர்கள் இமைக்கு மெல்லிய தோல் வைப்பார்கள் என்பது நினைவுக்கு வந்தது. ஆம்பூரில் தோல் ஷெட்டில் வேலை பார்க்கும் மச்சானிடம் சொன்னேன். பொங்கலுக்கு வர முடியாதவன் இதற்காக ரயிலேறி வந்து அரை மில்லிமீட்டர் ஆட்டுத்தோல் ஒரு சாண் கொடுத்துவிட்டுப் போனான். நனைத்து, இழுத்து, ஓட்டின் மேல் ஒட்டினேன். ஓரத்தை உள்பக்கம் மடிக்காமல் விளிம்போடு அறுத்துவிட வேண்டும், மடித்தால் கண்ணில் உரசும். தோலில் பெயிண்ட் பிடித்தது. முகத்தின் நிறத்தைவிட ஒரு படி கருமையாக அடித்தேன். புருவத்தின் நிழல் விழும் இடம் அல்லவா, ஒரே நிறமாக இருந்தால் ஒட்டுப் போட்டது போலத் தெரியும். இமை முடி வைக்கவில்லை. தாத்தாவுக்கு வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

ஓடும் தோலும் சேர்ந்ததும் கண் மையத்திலிருந்து இமையின் வெளிப்பக்கம் 21 மில்லிமீட்டர் தாண்டிவிட்டது. உள்ளே புருவத்துக்குக் கீழே இருந்த இடம் 20. ஆக நெற்றியின் உள்பக்கம் சுரண்ட வேண்டும். அங்கே காகிதக்கூழ் 9 மில்லிமீட்டர் கனம் இருந்ததால் 3 மில்லிமீட்டர் எடுத்தேன். மூன்று ராத்திரி, மெதுவாக, வெளியே விரலை வைத்து அதிர்வைப் பார்த்துக்கொண்டே. சுரண்டியதில் அடுக்கடுக்காகச் செய்தித்தாள் வந்தது. ஒரு துண்டில் தமிழ் எழுத்து. பெங்களூரில் வாங்கிய தமிழ்ப் பேப்பரை ஊறவைத்து அந்தத் தலையைச் செய்திருக்கிறார். அந்தத் துண்டை மட்டும் ஒரு கவரில் போட்டு டீச்சரிடம் கொடுத்தேன்.

இழுத்தால் மூடுவதா, திறப்பதா

இரண்டு கண்ணின் மையத்துக்கும் இடையே 56 மில்லிமீட்டர். இமை போக மூக்குத்தண்டுக்குப் பின்னால் 13 மில்லிமீட்டர் சொச்சம் இடம் மிஞ்சியது. இரண்டு இமையின் உள்காதையும் ஒரு சைக்கிள் ஸ்போக் துண்டால் இணைத்தேன். வெளிக்காதுகள் இரண்டும் தலையின் பக்கச் சுவரில் சிறு ஊசிகளில் நிற்கும். கண் விழி நடுவில் தன்பாட்டுக்கு இடவலம் திரும்பிக்கொள்ளும், இமை சுழலும் அச்சு அதன் வழியாகப் போகவில்லை. ஸ்போக்கின் நடுவில் பின்னோக்கி ஒரு கை. அந்தக் கையில் நூல்.

பின்னோக்கி நீளும் கையை நூலால் கீழே இழுத்தால் இமையின் முன்விளிம்பு மேலே போகும். அதாவது இழுத்தால் கண் திறக்கும். செய்வதற்கு எளிய வழி அதுதான். ஆனால் அப்படி வைத்தால், விட்டவுடன் கண் மூடிக்கொள்ளும். டீச்சர் இருபது நிமிடமும் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்தபடியே இருக்க வேண்டும். நூல் அறுந்தால் நிகழ்ச்சி நடுவில் தாத்தா குருடாகிவிடுவார். அதனால் நூலை மேலே கொண்டுபோய் ஒரு சக்கரத்தின் மேல் திருப்பிக் கீழே இறக்கினேன். திரைச்சீலை ரெயிலில் ஓடும் பிளாஸ்டிக் சக்கரம் போதுமானதாக இருந்தது. இப்போது இழுத்தால் மூடும், விட்டால் ஸ்பிரிங் திறக்கும். நூல் அறுந்தாலும் கண் திறந்தே இருக்கும்.

ஸ்பிரிங்குக்கு ரப்பர் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பல் கிளிப்புக்கு மாட்டும் ரப்பர் வளையத்தைத் தினமும் மாற்றச் சொல்லித்தான் கொடுக்கிறோம், ஒரே நாளில் இழுவை குறைந்துவிடும். பல் கிளிப் செய்யும் 0.5 மில்லிமீட்டர் ஆர்த்தோ கம்பியில் மூன்று சுற்றுச் சுற்றி நானே ஸ்பிரிங் செய்தேன். நூல் முதலில் தூண்டில் நரம்பு. அது நீண்டுகொண்டே போனது. காலையில் சரியாக மூடிய கண் சாயந்திரம் அரைக்கண்ணாக நின்றது. பின்னல் தூண்டில் நூலுக்கு மாறியதும் அது நின்றது.

முதல் நிகழ்ச்சியும் மாத்திரையும்

ஜூனில் தாத்தா முதல் தடவை இமையோடு போனார். நானும் போயிருந்தேன். அடுக்ககத்தின் கிளப் ஹாலில் நாற்பது பிள்ளைகள், டீச்சரின் புடவையில் காலர் மைக். டீச்சர் விசையைத் தொட்டார். 'டக்'. இமை விழுந்தது, எழுந்தது. மறுபடி 'டக்'. ஒரு சின்னப் பெண் சத்தமாகக் கேட்டது: "ஆன்டி, தாத்தா கண்ணு ஏன் சவுண்டு போடுது?"

சத்தம் சின்ன விஷயம். ஸ்போக்கின் கை போய் மோதும் தடையில் ஹார்மோனியம் ரிப்பேர் செய்பவரிடம் வாங்கிய 2 மில்லிமீட்டர் ஃபெல்ட் துணியை ஒட்டினேன், அடங்கிவிட்டது. டீச்சர் சொன்ன அடுத்த குறைதான் என்னை ராத்திரி தூங்கவிடாமல் செய்தது. "இது இமைக்கல தம்பி. கண்ணுல அடிபட்ட மாதிரி வெட்டுது."

போனில் ஸ்லோமோஷனில் எடுத்துப் பார்த்தேன், நொடிக்கு 240 பிரேம். மூடுவதற்கு 12 பிரேம். நொடியில் இருபதில் ஒரு பங்கு. மனிதர் ஒரு தடவை இமைத்து முடிக்க நொடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து நான்கு பங்கு வரை ஆகும். டீச்சரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். அவர் உடனே என்னை ஏழாம் வகுப்பு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்.

"மாத்திரைன்னா என்ன?"

"எழுத்தை உச்சரிக்கிற நேரம், டீச்சர்."

"அளவு?"

"கண்ணிமைக்கிற நேரம், கைநொடிக்கிற நேரம்."

"தொல்காப்பியத்துலயே இருக்கு. குறில் ஒண்ணு, நெடில் ரெண்டு, அளபெடை மூணு. எனக்கு இமை மூணுக்கும் வரணும். பேசும்போது குறில். யோசிக்கும்போது நெடில். தூக்கம் வரும்போது அளபெடை. நீ குடுத்தது ஒற்றெழுத்து. அரை மாத்திரை."

இதைவிடத் தெளிவான வேலை விவரத்தை எந்த டாக்டரும் எனக்கு எழுதித் தந்ததில்லை.

குறை ஸ்போக்கில் வைத்த கையின் நீளத்தில் இருந்தது. இடம் குறைவு என்று 5 மில்லிமீட்டர் கை வைத்திருந்தேன். 45 பாகை திரும்ப நூல் 4 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். நாலு மில்லிமீட்டருக்குள் ஒரு கட்டைவிரல் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாது. தொட்டால் மூடும், விட்டால் திறக்கும், நடுவில் ஒன்றுமில்லை. கையை 12 மில்லிமீட்டராக நீட்டினேன். நூல் நகர்வு 9.4 ஆனது. கம்பில் இருக்கும் விசையையும் ஒன்றரை மடங்காக மாற்றியதில் கட்டைவிரலுக்கு 14 மில்லிமீட்டர் ஓட்டம் கிடைத்தது. நீண்ட கைக்கு இழுக்கும் பலமும் குறைவு என்பதால் ஸ்பிரிங்கைத் தளர்த்த வேண்டிய தேவை வரவில்லை. டீச்சர் விசையைப் பிடித்து மெதுவாக அழுத்தினார். இமை பாதியில் நின்றது. அங்கேயே சற்று நேரம் வைத்திருந்தார். அப்புறம் "ஆ" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே மூடினார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. வாய்க்கு விசை வைப்பது தாத்தா பேசுவதற்கு. அந்த இருபது நிமிடத்தில் பாதி நேரம் பேசுவது டீச்சர். அந்த நேரத்தில் தாத்தாவிடம் வாய் இருந்து பிரயோஜனமில்லை, அதுவரை அவர் வெறும் காகிதக்கூழ். டீச்சர் கதை சொல்லும்போது தாத்தா இமையைப் பாதி இறக்கினால், அவர் கேட்கிறார். முக்கியமான வார்த்தைக்கு ஒரு குறில் இமைத்தால், அவருக்குப் புரிந்துவிட்டது. பேசும் பொம்மை என்று பெயர் வைத்ததாலோ என்னவோ எல்லோரும் வாயைப் பற்றியே பேசுகிறார்கள். 1938-ல் அமெரிக்காவின் எட்கர் பெர்கனுக்கு அவருடைய சார்லி மெக்கார்த்தி பொம்மைக்காக ஆஸ்கர் அகாடமி கொடுத்த சிறப்பு விருதே மரத்தில் செய்து வாய் மட்டும் அசையும் சிலைதான். மும்பையின் ராம்தாஸ் பாத்யே, தன் அப்பா உருவாக்கிய அர்த்தவட்ராவ் பொம்மையோடு பேசுவதைப் பார்த்தால், அந்தப் பொம்மை பேசாத நேரத்திலும் நம் கண் அதன் மேலேயே இருக்கும். அதைத் தாத்தாவுக்குக் கொடுப்பது இமை.

ஒற்றைக் கண் சிமிட்டலும் வேண்டும் என்று அடுக்ககத்தில் ஒரு அப்பா கேட்டார். இரண்டு இமைக்கும் ஒரே ஸ்போக், அது முடியாது. தனித்தனியாகச் செய்ய முடியும்தான், ஆனால் இன்னொரு நூல், இன்னொரு விசை, அறுபத்துமூன்று வயதுக் கைக்கு இன்னொரு விரல் வேலை. வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். டீச்சரும் சரி என்றார்.

மழைக்காலம்

ஜூலை கடைசியில் போன் வந்தது. வலது இமை பாதியில் நிற்கிறது, இடது போகிறது, ஸ்போக் முறுக்குகிறது. தலையைத் திறந்து பார்த்தேன். வெளிக்காதின் ஊசி நேராகக் காகிதக்கூழில் போட்ட துளையில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் விடாத மழை, ஈரத்தை இழுத்துத் துளை உப்பி ஊசியைப் பிடித்துக்கொண்டது. சுரண்டிய நெற்றி உள்பக்கத்துக்கு நான் எந்தப் பூச்சும் கொடுக்கவில்லை என்பதும் காரணம். டீச்சரின் வீட்டுக்காரர் உள்ளே முழுக்க வார்னிஷ் அடித்திருந்தார், நான் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டிருந்தேன்.

எஸ்.பி. ரோடு கடைத்தெருவில் மெல்லிய பித்தளைக் குழாய் வாங்கி, இரண்டு துளையையும் பெரிதாக்கி, 6 மில்லிமீட்டர் துண்டுகளை எம்-சீல் வைத்து உள்ளே பதித்தேன். இப்போது ஊசி பித்தளையில் ஓடுகிறது, கூழ் எவ்வளவு உப்பினாலும் அதைத் தொடாது. நெற்றி உள்பக்கம் இரண்டு கோட் வார்னிஷ். எண்ணெய் போடவில்லை. எண்ணெய் தோலுக்குப் பரவும், தூசியைப் பிடிக்கும். பென்சில் முனையைத் தேய்த்த கரித்தூள் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். செப்டம்பர், அக்டோபர் மழையில் இமை எங்கும் பாதியில் மாட்டிக்கொள்ளவில்லை.

செப்டம்பரில் மறுபடி அதே கிளப் ஹால். டீச்சர், கிணற்றில் விழுந்த நிலாவை எடுக்கப் போனவனின் கதையைச் சொன்னார். தாத்தா கேட்டுக்கொண்டிருந்தார். கதை நீள நீள இமை இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் முழுதாக மூடியது. டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். ஹாலில் சத்தமே இல்லை. முன்வரிசையில் ஒரு நாலு வயசுப் பையன் எழுந்து, கிட்டே வந்து, தாத்தாவின் கையைத் தொட்டு, "தாத்தா, நிலா இன்னும் எடுக்கல" என்றான். இமை குறிலாகத் திறந்தது.

வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். பத்து நாள் கழித்து டீச்சர் வந்தார். வீட்டில் தாத்தாவை ஒரு டிரங்குப் பெட்டியில் படுக்க வைப்பார். விட்டால் திறக்கும் கண் என்பதால் பெட்டிக்குள்ளும் கண் திறந்தே இருக்கிறது. "மூடிய பெட்டிக்குள்ள முழிச்சுக்கிட்டு இருக்கார் தம்பி. எனக்கு என்னவோ போல இருக்கு." இழுத்துப் பிடித்தபடி வைத்தால் நூல் நாளடைவில் தளரும், ஸ்பிரிங்குக்கும் நல்லதில்லை என்று எடுத்துச் சொன்னேன். வருடத்துக்கு ஒரு தடவை நூலை மாற்ற வேண்டி வரும் என்றும் சொன்னேன். "மாத்திக்கலாம்" என்றார்.

கம்பின் பக்கத்தில் 0.9 மில்லிமீட்டர் கம்பியில் ஒரு சின்னக் கொக்கி வைத்தேன். விசையை முழுக்க அழுத்தி அதில் மாட்டினால் நிற்கும். லேபிலேயே டீச்சர் செய்து பார்த்தார். விசையை மூன்று மாத்திரைக்கு இழுத்து, கொக்கியில் மாட்டி, வேட்டித் துண்டைத் தலையைச் சுற்றி மடித்து, பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.